இரண்டாவது சாவி

காலை ஏழே காலுக்கு மாமாவின் போன் வந்தது.

"உன் எஞ்சின் செத்துப்போச்சு மாப்ள. வந்து முகத்தப் பாத்துட்டுப் போ."

உன் எஞ்சின். ஓடிக்கொண்டிருந்தவரை அது அவருடைய எஞ்சின்.

அவன் மெக்கானிக். இன்னொருவர் பட்டறையில் வேலை பார்த்தான். அக்கா வீட்டுக் கிழட்டு டீசல் காரின் எஞ்சினை இரண்டு மாதம் முன்பு இறக்கிப் பிரித்து, மறுபடி பூட்டிக் கொடுத்தான். அது கோளாறில்லாமல் ஓடினால் வீட்டுக்கு முன்னாலிருக்கும் காலி இடத்தில் சொந்தப் பட்டறை போட்டுக்கொள்ளலாம் என்று அக்காவின் கணவரான மாமா வாக்குக் கொடுத்திருந்தார். அந்த இடத்தில் எங்கே குழி வெட்டுவது, எங்கே தகரம் போடுவது என்பதுவரை அவன் மனதில் கட்டி முடித்திருந்தான்.

கொட்டகையில் மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா வாசற்படியில் நின்றாள்.

"பத்து நாள் வெளியூர். நேத்துதான் வந்தேன். சாவியப் போட்டா டக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான். எஞ்சின் இறுகிப்போச்சு, சீஸ்."

"பாத்துட்டுச் சொல்றேன் மாமா."

"என்னத்தப் பாக்குறது? ஆயில ஊத்துனியா, இல்ல தொட்டு வெச்சுட்டுப் போனியா?"

"காப்பி குடிச்சியாடா?" என்றாள் அக்கா. குரல் கட்டியிருந்தது. "சளி," என்றாள், அவன் கேட்காமலே.

ஆயில் கம்பியை உருவினான். அளவு சரி. விரலில் தேய்த்துப் பார்த்தான், கெட்டுப்போகவில்லை. பேட்டரியும் நன்றாக இருந்தது. பெல்ட்டைக் கழற்றினான். டைனமோ இறுகிக்கொண்டாலும் எஞ்சின் இறுகியதுபோலவே காட்டும். விரலால் தள்ளினான். டைனமோ சுற்றியது. அப்படியானால் கோளாறு உள்ளேதான்.

முன்பக்க நட்டில் ஸ்பேனரை மாட்டி, அதில் நீளக் குழாயைச் செருகி இழுத்தான். எஞ்சின் அசைந்தது. அரைச் சுற்று வந்தது. பிறகு சுவரில் முட்டியதுபோல நின்றது. பின்பக்கம் திருப்பினான். வந்தது. மறுபடி முட்டியது.

சீஸ் ஆன எஞ்சின் மயிரிழை நகராது.

"அசையுது மாமா."

"சாகக் கிடக்கிறவன்கூடத்தான் அசைவான்." மாமா போனை எடுத்தார். "பழைய இரும்புக்காரர வரச் சொல்றேன். பட்டறை விஷயத்த அப்புறம் பேசுவோம்."

அப்புறம் என்றால் இல்லை என்று அர்த்தம். கொட்டகைக்குள் சிக்னல் கிடைக்காது. மாமா தெருவுக்குப் போனார்.

அவன் ஏர் ஃபில்டர் பெட்டியைப் பார்த்தான். அதன் ஒரு கிளிப் எப்போதோ உடைந்துவிட்டது. அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவைப்பது அவன் வழக்கம். இப்போது கம்பி இல்லை. நூல் கட்டியிருந்தது. அறுத்துத் திறந்தான். உள்ளே ஃபில்டர் வெள்ளை வெளேரென்று இருந்தது. அவன் போட்டது இரண்டு மாதப் புழுதி தின்றிருக்க வேண்டும்.

"இத யாருக்கா மாத்துனது?"

"எனக்கென்னடா தெரியும் வண்டியப் பத்தி?"

மாமாவாகத்தான் இருக்கும். பத்து நாள் வெளியூரில் இருந்தார் என்பதற்கு யார் சாட்சி? எங்கேயோ கொண்டுபோய்க் கெடுத்துவிட்டு, தடயத்தை மாற்றிவிட்டு, பழியை இவன் தலையில் கட்டுகிறார். இடத்தைக் கொடுக்க மனசில்லை என்றால் நேரே சொல்லியிருக்கலாம்.

ஹீட்டர் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். எஞ்சினின் தலையில் நான்கு ஓட்டைகள் திறந்தன.

"அக்கா, உள்ள உக்காந்து சாவியத் திருப்பு."

திருப்பினாள். எஞ்சின் படபடவென்று சுற்றியது. இரண்டாவது ஓட்டையிலிருந்து தண்ணீர் பீறிட்டுக் கூரைத் தகரத்தில் அடித்தது. பழுப்புத் தண்ணீர். அவன் உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தான். மணல் நெறுநெறுத்தது. தெருத் தண்ணீர்.

"சீஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! தண்ணி குடிச்சிருக்கு. போன வாரம் மழைக்கு மாமா எங்கயோ தண்ணிக்குள்ள விட்டிருக்காரு. அவரு வரட்டும், கேக்குறேன்."

அக்கா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடது கால் கிளட்சைத் தரைவரை மிதித்திருந்தது. அவன் மிதிக்கச் சொல்லவில்லை. சாவியைத் திருப்பும்போது கிளட்சை மிதிக்கும் பழக்கத்தை அவன்தான், மாமாவுக்குத் தெரியாமல், மைதானத்தில் வைத்துக் கற்றுக்கொடுத்தான்.

கீழே கிடந்த நூலை எடுத்தான். மெழுகு தடவிய நூல். முடிச்சின் நுனி உள்ளே மடித்துச் செருகியிருந்தது. அக்கா அச்சகத்துக்குப் புத்தகம் பைண்டிங் செய்து கொடுப்பவள். அந்த வீட்டில் எதைக் கட்டியிருந்தாலும் இந்த முடிச்சுதான் இருக்கும்.

"அக்கா."

"ஒரு தடவ தனியா ஓட்டிப் பாக்கணும்னு தோணுச்சுடா. பாலத்துக்கு அடியில தண்ணி அவ்வளவு நிக்கும்னு தெரியல. நாலு பேரு தள்ளிட்டு வந்து விட்டாங்க. அந்த ஃபில்டர் ஊறிப்போச்சு. புதுசு வாங்கிப் போட்டா சரியாயிடும்னு நெனச்சேன்."

"சாவி?"

"நீ வேல முடிச்சுட்டு சமையலறை ஆணில மாட்டிட்டுப் போனியே, அதுதான். அது உன்கிட்டயே இருக்குன்னு அவரு நெனச்சுட்டு இருக்காரு."

"சொல்லிடலாம்க்கா. நீதான் எடுத்தேன்னு சொன்னா என்ன பண்ணிடப் போறாரு?"

"உனக்குத் தெரியாது. அச்சகத்துக்கு நடந்து போயிட்டு வர்றதுக்கே தினமும் பதில் சொல்றேன். இது தெரிஞ்சா அதுவும் போச்சு."

"சொல்லலன்னா என் பட்டறை போச்சு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கிளட்சிலிருந்து காலை இன்னும் எடுக்கவில்லை.

செருப்புச் சத்தம் கேட்டது. அவன் நூலைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டான். மாமா போனை மடக்கிக்கொண்டே வந்தார்.

"சாயங்காலம் வர்றேன்னு சொல்லிட்டாரு."

தகரத்திலிருந்து ஒரு சொட்டு அவர் தோளில் விழுந்தது. வெளியே திரும்பிப் பார்த்தார். வெயிலில் கண் கூசியது. இன்னொரு சொட்டு விழுந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். பழுப்புக் கறையைப் பார்த்தார். திறந்து கிடந்த ஓட்டைகளைப் பார்த்தார். ஸ்டீயரிங் முன்னால் இருந்த அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடைசியில் அவன் பக்கம் திரும்பினார். மாமா கத்துகிறவர். இப்போது கத்தவில்லை.

"இந்த வண்டிக்குச் சாவி ரெண்டுதான் மாப்ள. ஒண்ணு என்கூட வெளியூர் வந்துச்சு. இன்னொண்ணு யார்கிட்ட இருந்துச்சு?"