'வந்து' சொன்னால் விசில்

பத்து நாள். அதற்குள் வனத்துறை ரேஞ்சர் தோட்டத்தைப் பார்க்கவில்லை என்றால், கடமலைக்குண்டு பொன்னுராஜின் மூன்று ஏக்கர் மக்காச்சோளமும் காட்டுப்பன்றிகளின் வயிற்றுக்குள் போய்விடும்.

இரண்டு தடவை மனு கொடுத்தாயிற்று. போன மாதம் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மைக்கும் கிடைத்தது. "ஐயா, வந்து... நம்ம தோட்டம் வந்து... பன்னி வந்து..." என்பதற்குள் நேரம் தீர்ந்து, அடுத்த ஆள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

அந்த வாரமே தேனியில் ஒரு பேச்சாளர் மன்றத்தில் சேர்ந்தார் பொன்னுராஜ். ஞாயிறுதோறும் காலை பத்தரைக்கு, பெரியகுளம் ரோட்டில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம். ஒரே சட்டம்: 'வந்து' சொன்னால் விசில். நாலாவது விசிலில் உட்கார்ந்துவிட வேண்டும்.

ஊதுபவர் தவசி. தனியார் பஸ் கண்டக்டர். லீவு நாளிலும் விசிலைப் பிரிய மனசில்லாதவர்.

இந்த ஞாயிறு பொன்னுராஜ் படியேறியதும் மன்றச் செயலாளர் மாரீஸ்வரி காதைக் கடித்தார். "அண்ணே, இன்னைக்குச் சிறப்பு விருந்தினர் யாரு தெரியுமா? உங்க ஏரியா ரேஞ்சர்."

பொன்னுராஜ் பேச்சாளர் பட்டியலை எட்டிப் பார்த்தார். "நா எத்தனையாவது?"

"மொத ஆளு."

முன்வரிசையில் ரேஞ்சர், ஒரு கையில் டீ, மறு கையில் பிஸ்கட். பொன்னுராஜ் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, எங்க தோட்டத்துக்குள்ள காட்டுப்பன்றிகள் வந்து—"

விசில்.

"தவசி, இது நெசமாவே வந்ததுப்பா. நாலு கால்ல நடந்து வந்து..."

விசில்.

"ஏப்பா, 'வந்து'ங்கிறது வினைச்சொல்லுப்பா."

விசில்.

"மூணு," என்றார் தவசி, டிக்கெட் எண்ணுகிற குரலில். "அடுத்தது எறங்குற ஸ்டாப்பு."

இன்னும் இரண்டேகால் நிமிடம் இருந்தது. 'வந்து' கைவசம் ஒன்றுகூட இல்லை. பொன்னுராஜ் கண்ணை மூடினார். கோயில் திருவிழா நோட்டீஸ் ஞாபகம் வந்தது.

"காட்டுப்பன்றிகள் தினமும் எங்கள் தோட்டத்துக்கு வருகை தருகின்றன. பதினாலு உருப்படி, குட்டிகள் சகிதமாக. ஓடைப் பக்கம் எழுந்தருளி, மக்காச்சோளத்தை அமுது செய்து, விடியறதுக்கு முந்தி மலையேறுகின்றன. சாய்ந்து கிடக்கும் சோளத்தட்டைதான் எங்களுக்குப் பிரசாதம்."

மாடி ஒரு நிமிடத்துக்கு மேல் சிரித்து அதிர்ந்தது. ரேஞ்சருக்குப் புரையேறி, பிஸ்கட் தூள் மீசையில் ஒட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம், "பிரமாதமான கற்பனை," என்றார்.

கற்பனையா?

பொன்னுராஜ் மைக்கை இறுக்கிப் பிடித்தார். இப்படியே முடித்தால் தனக்குச் சிறந்த பேச்சாளர் என்று ஒரு பிளாஸ்டிக் கோப்பை கிடைக்கும். பன்றிக்கு மக்காச்சோளம் கிடைக்கும்.

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அதற்குள் அந்தச் சொல் உட்கார்ந்திருந்தது. 'விஜயம் செய்து பாருங்க' என்றால் இன்னும் சிரிப்பார்கள். கடிகாரத்தில் பதினைந்து விநாடிதான் மிச்சம்.

"ஐயா, இது கற்பனை இல்ல. நீங்க தோட்டத்துக்கு வந்து பாக்கணும்."

விசில். "அண்ணே, உக்காருங்க," என்றார் தவசி.

"வந்து பாருங்கய்யா."

விசில்.

"பத்து நாள்ல கதிர் முத்திரும். அதுக்குள்ள வந்து பாருங்க."

விசில். ஊதி ஊதித் தவசிக்கு மூச்சு வாங்கியது. மாரீஸ்வரி மைக் வயரை இழுத்தார். பொன்னுராஜ் விடவில்லை.

சிரிப்பு நின்றுபோயிருந்தது. ரேஞ்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நெசமாவே பதினாலா?"

"அது முந்தாநாள் கணக்குங்கய்யா."

"மனு குடுத்தீங்களா?"

"ரெண்டு."

"நான் போன வாரம்தான் இந்தச் சரகத்துக்கு மாறினேன். நாளைக் காலைல ஏழு மணிக்கு உங்க தோட்டத்துல நிப்பேன். பன்னி சாய்ச்ச தட்டை, காலடித் தடம், எல்லாம் அப்படியே இருக்கட்டும். போட்டோ இருந்தாத்தான் மேல எழுத முடியும்."

பொன்னுராஜ் வராண்டாவுக்கு ஓடி வீட்டிலிருந்த மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏ அக்கம்மா, நாளைக்கு ரேஞ்சர் வாராக."

"நெசமாவா? அப்பிடி என்ன பேசுனீக?"

"அத விடு. பன்னி சாய்ச்ச தட்டை அங்கன கெடக்குல்ல, அதுல கைய வச்சுராத."

மறுமுனையில் மாடு கத்தும் சத்தம் கேட்டது.

"அக்கம்மா?"

"காலைலதான் பூராத்தையும் அறுத்து மாட்டுக்குப் போட்டேன்."

"காலடித் தடம்?"

"அதுமேலதான் தண்ணி பாயுது."

பொன்னுராஜ் சுவரில் சாய்ந்தார். உள்ளே அடுத்த பேச்சாளருக்குக் கைதட்டல் கேட்டது.

"சரி, நா சொல்றதக் கேளு. பன்னிக்குப் பயங்காட்ட வேலியச் சுத்திக் கட்டுன சேலையெல்லாம் அவுத்துரு. பொழுதடைஞ்சதும் தகரத்தத் தட்டுவேல்ல, இன்னைக்குத் தட்டாத."

"பன்னி பூராம் உள்ள எறங்கிருமே."

"எறங்கட்டும். இன்னைக்கு ஒரு நாளு கட்டாயம் எறங்கணும்."

"ஏங்க," என்றாள் அக்கம்மாள், "நீங்க பேசிப் பழகப் போனது பன்னிய வெரட்டவா, கூப்புடவா?"