ஏழாம் துளையின் வெள்ளைக் களிமண்

1

இந்தக் கதை நான் கைநழுவவிட்ட ஒரு பெட்டியிலிருந்து வந்தது. முதல் வரைவில் பெட்டியைப் போட்டவர் டிரைவர். பாவம், அன்றைக்கு அவர் வேலைக்கே வரவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

எனக்குக் கல் கிடங்கில் வேலை. சுரங்கப்பாதை வரப்போகும் மலையைத் துளைத்து, உள்ளேயிருந்து உருளை உருளையாகக் கல் எடுப்பார்கள். எது எத்தனை மீட்டர் ஆழத்தில் கிடந்ததோ, அந்த வரிசை குலையாமல் பெட்டியில் அடுக்க வேண்டும். (எழுத்து நானாகப் பழகியது. அறையில் பேச்சுத்துணை இல்லை. வீட்டுக்கு ஃபோன் ஞாயிறு மட்டும்.)

2

ஆரம்பம் இப்படி இருக்கலாம்: 'மாலை வெயில் கற்களின் மேல் பொன்னாக' — வேண்டாம். கிடங்கில் டியூப் லைட்தான்.

நேற்று டீ நேரத்தில் எங்கள் நிலவியலாளர்கள் இரண்டு பேரும் மறக்க முடியாத இடங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாலைவனத்துல ஒரு பாறையத் தேடி மூணு நாள் அலைஞ்சேன்," என்றார் பெரியவர். "கடைசியில பார்த்தா அதுமேலதான் கூடாரமே போட்டிருக்கேன்."

"போன மாசம் சொன்னப்ப ரெண்டு நாள் சார்," என்றார் மேடம்.

"வருஷம் போகப் போக நாளும் கூடத்தானேம்மா செய்யும். உனக்கு எந்த இடம்?"

"இதே இடந்தான் சார். ஏழாம் துளை. நாப்பத்திரண்டு மீட்டர்ல வெள்ளைக் களிமண். நாப்பத்தஞ்சுல மறுபடியும் அதே களிமண். ஒரே அடுக்கு ரெண்டு இடத்துல வருதுன்னா, உள்ள மலை ஒடைஞ்சு நகர்ந்திருக்கு. பதினோரு வருஷத்துல நானா கண்டுபிடிச்சது இது ஒண்ணுதான். திங்கக்கிழமை அறிக்கை போயிடும். பாதையையே மாத்தப் போறாங்க."

நான் பக்கத்தில் பெட்டிகளுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டியைத்தான் நான்

3

(முடிக்க முடியவில்லை. இப்போது முடிக்கிறேன்.) அந்தப் பெட்டியைத்தான், ஏழாம் துளையின் பெட்டியை, நான் மூன்று வாரத்துக்கு முன் கீழே போட்டேன். சிதறிய துண்டுகளை, எந்த இடைவெளியில் எது அடங்கியதோ அங்கே வைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

இன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும், இரண்டு களிமண் துண்டுகளையும் எடுத்து முனையோடு முனை வைத்துப் பார்த்தேன். மயிரிழை இடைவெளி இல்லாமல் சேர்ந்தன. விழுந்ததில் ஒன்று இரண்டாக உடைந்திருக்கிறது. மலையை நகர்த்தியது நான்.

4

முடிவுகள்.

மேடம் சிரித்து மன்னிக்கிறார். (எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகம்.)

வேலை போகிறது, மூட்டை கட்டுகிறேன். (கேட்பார் யாரும் இல்லை.)

நான் சொல்லவே இல்லை, பாதை மாறுகிறது. (நேற்று இரவு முழுக்க இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கிழித்துவிட்டேன்.)

5

இந்தக் கதைக்கு ஒரே ஒரு வாசகர்தான். மேடம், அது நீங்கள்.

உங்களுக்குத் தெரிந்த வேலையை உங்களுக்கே விளக்கியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்; எனக்குக் கதை அப்படித்தான் தொடங்க வந்தது. நேரில் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன் என்றுதான் எழுதிக் கொண்டுவந்தேன். இரண்டு துண்டுகளும் என் கையில் இருக்கின்றன. வாங்கிச் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன். வெளியே போ என்றாலும் போகமாட்டேன்.

முதலில் அறிக்கையில் அந்தப் பத்தியை அடியுங்கள். அதற்கப்புறம், கீழே அரைப்பக்கம் விட்டிருக்கிறேன். என்னைப் பற்றி என்ன தோன்றுகிறதோ எழுதுங்கள்.