மலைக்கு ஏற்ற சப்பாத்து

"மான் வேட்டைக்கா?" என்று சப்பாத்துக் கடைப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். சுஜீவா தலையை ஆட்டிவைத்தாள். வேறு என்ன சொல்வது? வேட்டைக்குப் போன கணவன் கேதீஸ்வரன் மலையில் காணாமல் போய் மூன்று கிழமை ஆகிவிட்டது. பனி உருகட்டும், பிறகு தேடுவோம் என்று பொலிஸ் கைவிரித்துவிட்டது. அதுவரை கிரான்பர்ன் புறநகர் வீட்டுக்குள் அடைந்து கிடக்க அவளால் முடியாது.

கூட வந்த விக்னராஜாதான் அன்று கேதீஸ்வரனோடு போனவர். மான் தடம் பார்த்து இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்த பிறகுதான் பனி கொட்டியது. வாகனத்துக்குத் திரும்பி வந்தது அவர் மட்டும்.

சுஜீவா முதலில் எடுத்த சோடி உள்ளே மெத்தைபோல இருந்தது.

"அது வேண்டாம், தங்கச்சி. மலை ஏறேக்க கால் வேர்க்கும். நிண்டவுடன அந்த ஈரமே விறைக்கப் பண்ணும்," என்றார் விக்னராஜா.

கணுக்காலுக்கு மேலே ஏறும், தண்ணீர் புகாத தோல் சப்பாத்து ஒன்றை எடுத்து நீட்டினார். "தடிச்ச கம்பளிக் காலுறையோட போடுங்கோ. விரல் ஆடுதோ?"

"ஓம்."

"இறுக்கினா ரத்தம் ஓடாது. பிறகு என்ன போட்டும் குளிரும்."

"இதெல்லாம் அவருக்குச் சொன்னனீங்களோ, அண்ணை?"

விக்னராஜா நிமிரவில்லை. "சொன்னனான். வேலைக்குப் போடுற சப்பாத்தே போதும் எண்டு சிரிச்சவன்."

சனிக்கிழமை இருவரும் மலை ஏறினார்கள். முழங்கால் புதையும் பனி. கேதீஸ்வரனின் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அன்று கேதீஸ்வரன் பிரிந்துபோன மேட்டுக்கு வந்ததும் விக்னராஜா நின்றுவிட்டார். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளையாக மூடிக் கிடந்தது.

"இதுக்குக் கீழ இறங்க ஏலாது."

சுஜீவா அசையாமல் நின்றாள். காற்று முகத்தை அறுத்தது. கால்கள் மட்டும் கதகதப்பாக, ஈரம் படாமல் இருந்தன. அதை அவளால் தாங்க முடியவில்லை. அப்படியே பனியில் உட்கார்ந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"என்ன செய்யிறீங்கள்?" விக்னராஜா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு..."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்கள், தங்கச்சி?"

அவர் குனிந்து கயிற்றைத் திரும்பக் கட்டிவிட்டார். அவள் தடுக்கவில்லை. பிறகு இருவரும் வந்த வழியே இறங்கினார்கள். அதன்பின் அவள் கேதீஸ்வரனின் பெயரைக் கூப்பிடவில்லை.