மேடைக்கு முதுகு காட்டி நின்றவன்

சாயந்திர பஸ் கேட்டு ஏற்காட்டில் பொதுக்கூட்டம் நடக்கப்போகிறது, அதில் மாதேஷ் வாலண்டியராம் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்த பால் சொம்பு தளும்பிவிட்டது. மாதேஷ் எனக்குப் பக்கத்து ஊட்டுக்காரன். நடுவில் ஒரு சுவர்தான். அதுவும் பெரிய கனமில்லை. அங்கே மிளகாய் தாளித்தால் இங்கே எனக்குத் தும்மல் வரும். அதனால் ராசம்மாள் ஒட்டுக்கேட்கிறாள் என்று யாரும் சொல்லக்கூடாது. கேட்கிறது, அவ்வளவுதான்.

செம்மநத்தம் தாண்டி உள்ளே இருக்கிற எங்கள் ஊருக்கு, இருட்டிய பிறகு பஸ் கிடையாது. ஜீப்தான். ஆள் நிறையாமல் ஜீப் கிளம்பாது. மாதேஷின் பெண்டாட்டி சிவரஞ்சனி ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் ரூம் வேலைக்குப் போகிறவள். சீசனில் வேலை முடிய நேரமாகும். மாதேஷிடம் ஒரு மொபெட் உண்டு. அது மிளகு மூட்டைக்குப் போகும், காப்பிக்கொட்டைக்குப் போகும், கேரம் ஆட்டத்துக்குக்கூடப் போகும். பெண்டாட்டியைக் கூட்டிவர மட்டும் அதற்கு வழி தெரியாது.

ஒருநாள் அடைமழை. அவளோடு வேலை செய்கிற கிங்ஸ்டன் தன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். வாசலிலேயே மாதேஷ், "யார் வண்டி அது?" என்றான். தெருவுக்கே கேட்கிற குரல். எனக்குச் சுவர்கூடத் தேவைப்படவில்லை. "நாளையிலிருந்து நீ வேலைக்குப் போக வேண்டாம்." மறுநாள் காலை பஸ்ஸில் அவள் வெள்ளக்கடைக்கு, அம்மா ஊட்டுக்குப் போய்விட்டாள். வேலையை விடவில்லை, இவனைத்தான் விட்டாள்.

இவனும் போய்க் கூப்பிட்டுப் பார்த்தான். டீ கொடுத்து அனுப்பினார்களாம். அப்படிப்பட்டவன் பஸ் கேட்கிற கூட்டத்தில் சனத்தை ஒதுக்கக் கயிறு பிடிக்கப் போகிறான் என்றால் விசாரிக்காமல் இருக்க முடியுமா?

"ஏன் சாமி, உனக்கெதுக்கு பஸ்ஸு? உன்ற வண்டிதான் இருக்குதே?"

"அவ கூட்டத்துக்கு வர்றாளாமுங்க்கா."

"வந்தா?"

"வந்தா என்னையப் பாப்பாளில்ல? பச்சைத் தொப்பி எல்லாம் குடுக்கறாங்க. மனசு எறங்கிக் கூடவே வந்துட்டாலும் வந்துருவா."

ஒரு தொப்பியை நம்பி ஒரு குடும்பம். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கூட்டத்தன்று நான் முன்வரிசையில் பாயைப் பிடித்துக்கொண்டேன். ஏரியிலிருந்து பனி ஏறி மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தது. ஏற்பாடு எல்லாம் ஈவ்லின் டீச்சர். பள்ளிக்கூடத்தில் ரிட்டையர் ஆன பிறகும் ஊரையே வகுப்பாக நினைக்கிறவர். வாலண்டியர்களைக் கயிற்றோரம் நிறுத்தியதும் மாதேஷ் சட்டென்று மேடையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. சேர்வராயன் கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் கயிறு பிடிக்கிறவன். அங்கே முகம் சாமிக்கு, முதுகு சனத்துக்கு.

"மாதேஷ்! இங்க மேடையில சாமி கிடையாது," என்றார் டீச்சர். "உனக்கு வேலை ஜனங்ககிட்ட. அவங்களைப் பாத்து நில்லு. யார் பேசினாலும் திரும்பக் கூடாது. யார் என்ன சொன்னாலும் கை ஓங்கக் கூடாது. அடிதடின்னு ஒண்ணு நடந்தா கூட்டத்தைக் கலைச்சிருவோம்னு சொல்லித்தான் பர்மிஷன் குடுத்திருக்காங்க."

அதைப் பார்க்கவே ஒரு சப் இன்ஸ்பெக்டர் மைக் செட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கடைசி வார்த்தையை டீச்சர் மாதேஷைப் பார்த்தே சொன்னார். அவன் கை எவ்வளவு சீக்கிரம் நீளும் என்பது மலைக்கே தெரியும்.

அவன் கண் கூட்டத்தில் அவளைத் தேடியது. பெண்கள் பக்கம், வரிசை வரிசையாக. இல்லை. முகம் வாடிப்போனது. அப்போதுதான் மைக்கில் டீச்சர், "அடுத்து, லாட்ஜில வேலை செய்யற சிவரஞ்சனி பேசுவாங்க," என்றார். அவள் மேடைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

மாதேஷின் கழுத்து தானாகத் திரும்பியது. "மொகம்!" என்றார் டீச்சர். கழுத்து பழையபடி வந்தது. இப்போது பெண்டாட்டி அவன் முதுகுக்குப் பின்னால். ஊரே அவன் முகத்துக்கு முன்னால்.

சிவரஞ்சனி அதிர்ந்து பேசாதவள். மைக் அவளுக்கும் சேர்த்துச் சத்தம் போட்டது.

"நானும் மழையில நின்னுருக்கேனுங்க. ஜீப்புல ஆள் ரொம்பற வரைக்கும் நின்னுருக்கேன். ஒருநாள் எங்கூட வேலை செய்யறவரு பைக்குல கொண்டாந்து உட்டாரு. ஊட்டுக்குப் போனா, நனைஞ்சுட்டியான்னு யாரும் கேக்கல. யார் வண்டின்னுதான் கேட்டாங்க. பஸ்ஸுல வந்தா அந்தக் கேள்வியே இல்லீங்க. டிரைவர் பேரென்னன்னு எந்தப் புருசனும் கேக்கறதில்ல."

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை.

"பஸ் வரோணும். கட்டாயம் வரோணும். ஆனா ஒண்ணு. கேள்வி கேட்ட ஊட்டுலயும் ஒரு வண்டி நிக்குதுங்க. அது எங்களுக்காக ஒருநாளும் கிளம்புனதில்ல."

அத்தனை தலையும் மாதேஷ் பக்கம் திரும்பியது. திரும்பக் கூடாது என்ற சட்டம் கூட்டத்துக்கு இல்லையே. நானும்தான் பார்த்தேன்; அதற்குத்தானே முன்வரிசை. காது மடல் சிவந்தது. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்; எல்லா முகமும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல். "அந்த பைக்குக்காரன் நெம்பரைக் குடும்மா, நாங்களும் ஏறிக்கறோம்!"

சின்னராஜ். எங்கள் பக்கம் ஜீப் ஓட்டுகிறவன். பஸ் வந்தால் அவன் பிழைப்பு படுத்துவிடும், அந்த எரிச்சல். நாலைந்து ஆண்கள் சிரித்தார்கள். மேடையில் பேச்சு நின்றுவிட்டது. மாதேஷ் கயிற்றுக்கு அடியில் குனிந்து கூட்டத்துக்குள் போனான். சப் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். இனி ஒரு அடி விழுந்தால் சிவரஞ்சனி பேச்சும் போச்சு, பஸ்ஸும் போச்சு, அதோடு அவள் திரும்பி வருகிற பாதையும் போச்சு என்று நான் பாயிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"என்ன மாப்ள," என்றான் சின்னராஜ், "உனக்காகத்தான கேக்கறேன்?"

மாதேஷின் வலது கை எழுந்தது. எழுந்து, தன் தொப்பியையே கழற்றிக் கசக்கிப் பிடித்துக்கொண்டது.

"எனக்காக ஒண்ணும் கேக்க வேண்டாமுங்ணா. உக்காருங்க."

"அட, உன் மானத்தை வாங்கறா, நீ..."

"அவ சொல்றது எனக்குத்தானுங்க. நீங்க கத்துனா எனக்குக் கேக்க மாட்டேங்குது. உக்காருங்க."

சின்னராஜ் அடி வாங்கத் தயாராக நின்றவன். பக்கத்தில் இருந்த கிழவர் சட்டையைப் பிடித்து இழுத்ததும் உட்கார்ந்துவிட்டான். மாதேஷ் கயிற்றுக்கு வந்து, மேடைக்கு முதுகைக் கொடுத்து நின்றான்.

அதற்குப் பிறகு அவள் அவனைப் பற்றி எதுவும் பேசவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பிரசவத்துக்குப் போகிறவர்கள் என்று பஸ்ஸையே பேசினாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மாதேஷ் மட்டும் ஒரு சொல்லும் கீழே விழாதபடி கேட்டுக்கொண்டிருந்தான். ஆறு வருஷம் ஒரே ஊட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அவள் முகம் தெரியாதபோதுதான் அவள் பேசுவது இவனுக்குக் கேட்டிருக்கிறது. என்னத்தைச் சொல்ல.

கூட்டம் கலைந்தது. அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவள் இறங்கி வந்தாள். நான் காலிலேயே இருந்த செருப்பைத் தேட ஆரம்பித்தேன்.

"பூராவும் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"நான் உன்னையக் கேக்காம உட்டது எதுன்னு கேட்டேன்."

அவள் போகாமல் நின்றாள்.

"வண்டி அங்கதான் நிக்குது," என்றான். "போலாமா?"

"எங்க?"

"நம்ம ஊட்டுக்கு."

"வெள்ளக்கடையில கொண்டு போயி உடுங்க," என்றாள். "நாளைக்கும் எனக்கு வேலை முடிய நேரமாகும். லாட்ஜு வாசல் தெரியுமில்ல?"

தெரியாது என்று அவன் முகமே சொன்னது. ஆனால் தலையை ஆட்டினான்.

பஸ் இன்னும் வரவில்லை. மனு போயிருக்கிறது என்கிறார் டீச்சர். மாதேஷின் வண்டி மட்டும் சாயந்திரமானால் கிளம்பிவிடுகிறது. லாட்ஜ் வாசலில் நிற்கிறான், வெள்ளக்கடையில் இறக்கிவிடுகிறான், தனியாகத் திரும்பி வந்து சோறாக்குகிறான். கேரம் போர்டில் இப்போது ஒரு ஆள் குறைகிறதாம். ஊரில் எல்லோரும் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள், சேர்ந்தார்களா இல்லையா என்று. நான் என்ன சொல்வது? சுவரில் காது வைத்தாலும் ஒரு தட்டு கழுவுகிற சத்தம்தான்.

பொறுக்க முடியாமல் நேற்றுக் கேட்டே விட்டேன். "எப்பத்தான் கண்ணு அவளைக் கூட்டிட்டு வருவே?"

"அதை நான் கேக்கறதில்லீங்க்கா," என்றான். "அவளா சொல்லட்டும்."

ஒருத்தனால் எப்படிக் கேட்காமல் இருக்க முடிகிறது என்று எனக்கு ராத்திரி பூராவும் யோசனை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காதுகுத்து இருக்கிறது. நெருங்கின சொந்தம் ஒன்றுமில்லை. இருந்தாலும் போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது.