அலிபிரிக்கு முன்னால் நாலு பாட்டில்

புரட்டாசி சனிக்கிழமையும் அதுவுமாக, மலைக்குப் போகிற வண்டியில் சரக்கு வைத்துக்கொண்டு போன குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். சரக்கு என்று சொன்னால் என் மகள் பவ்யா முகத்தைச் சுளிப்பாள். "ஒயின்மா, அது வேற" என்பாள். என்ன பெரிய வேற? குடித்தால் ஏறுமா ஏறாதா, அதைச் சொல்லட்டும் முதலில்.

பெங்களூரில் அவளுக்கு வேலையே அதுதான். வெளிநாட்டு ஒயினை வரவழைத்து ஓட்டல்களுக்கு விற்கிற கம்பெனி. எதை வாங்கலாம், எது வேண்டாம் என்று ருசி பார்த்துச் சொல்ல வேண்டும். ஊரில் கேட்பவர்களிடம் "ஜூஸ் கம்பெனி" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் அப்பாவிடமும் அதையேதான் சொன்னேன். அவரிடம் வேறு எப்படிச் சொல்வது? எங்கள் ஊர் நகரியில் அவர் விழுந்து கிடக்காத தெரு கிடையாது.

குடித்த காலத்தில் ஒரு புரட்டாசிக்கு மலையடிவாரத்து அலிபிரி வரைக்கும் கூடவே வந்தார். வாயைத் திறந்தால் குப்பென்று அடித்தது. "இந்த வாயோட மல ஏறாதீங்க, கீழயே கெடங்க" என்று மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, நானும் பவ்யாவும் மட்டும் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தோம். அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. அதற்கப்புறம்தான் விட்டார். விட்ட புதிதில் தினமும் சாயங்காலம் வாசலிலேயே நிறுத்தி "ஊது" என்பேன். ஊதுவார். மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன். இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறார். நானும் ஊதச் சொல்வதை நிறுத்திவிட்டேன், பயத்தை மட்டும் நிறுத்தவில்லை.

அன்றைக்கு அவர் காரில் போய்ச் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் பவ்யாவை ஏற்றிக்கொண்டு திருப்பதிக்குக் கிளம்பினோம். வண்டி ஊரைத் தாண்டவில்லை, அவளுக்கு போன் வந்துவிட்டது. பேசி முடித்ததும் என் காதோடு சொன்னாள்.

"மா, திங்கக்கெழம சொல்லவேண்டியத இன்னிக்கு சாயங்காலமே சொல்லணுமாம். நாலு செவப்பு ஒயின்ல ஒண்ண எடுத்துக் குடுக்கணும். சொல்லலன்னா என்னைப் பர்மனென்ட் பண்ணமாட்டாங்க."

"அதுக்கு இன்னா இப்ப?"

"பாட்டிலு பையிலதாம்மா கீது."

அலிபிரிச் சோதனைச் சாவடியில் வண்டியைத் துருவிப் பார்ப்பார்கள். முன் சீட்டில் இந்த மனுஷன். காலடியில் இந்தப் பை. ஏதோ சாபம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏங்க, எங்கயாச்சும் நிறுத்துங்க. பாப்பா ஆபீஸ் வேல பாக்கணுமாம். ஜூஸு."

புத்தலப்பட்டில் நிறுத்தினார். டீக்கடை முழுக்கக் காலில் செருப்பில்லாத கோவிந்தா கோஷ்டி. "இங்க வேணாம், போங்க" என்றேன். அடுத்து ஒரு புளியமரம். அங்கே ஆடு மேய்ப்பவர் எங்களையே பார்த்தார். "இங்கயும் வேணாம்." ஒரு இடத்தில் கல்யாண மண்டபம், இன்னொரு இடத்தில் கோயில். எனக்கு ஒரு இடத்திலும் இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடியில் அவர் என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். சந்திரகிரி நெருங்கும்போது ஒரு மாந்தோப்பு ஓரமாக அவராகவே ஒடித்து நிறுத்தினார். எதிரே ஏழுமலையும் பளிச்சென்று தெரிந்தது.

பவ்யா மரத்தடியில் துண்டு விரித்து நாலு சின்ன பாட்டிலையும் வைத்தாள். முதல் மூடியைத் திருகினாள். காரில் சாய்ந்து நின்ற அவர் நிமிர்ந்தார்.

"காத்து இந்தப் பக்கம் அடிக்குது" என்றார். "நான் அந்தாண்ட போய் நிக்கிறேன்."

ரோட்டைத் தாண்டிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எத்தனை நாளாகத் தெரியுமோ அவருக்கு. ஜூஸாம் ஜூஸு.

"சீக்கிரம் ஆவட்டும்டி" என்றேன்.

அவள் கிளாஸைச் சுழற்றுவாள், மூக்கை நுழைப்பாள், வாயில் வைத்துக் குதப்பித் துப்புவாள். "இது மகாராஷ்டிரால நாசிக். இது கலிஃபோர்னியா, தித்திப்பு தூக்கலா கீது. இது அர்ஜென்டினால மெண்டோசா. இது ஆஸ்திரேலியால பரோசா." முதல் இரண்டையும் ஒதுக்கிவிட்டாள். கடைசி இரண்டில் மாட்டிக்கொண்டாள். இதை மோந்தாள், அதை மோந்தாள், மறுபடி இதை. என் கண் ரோட்டின் அந்தப் பக்கமே இருந்தது. அவர் கையைப் பின்னால் கட்டுவதும் பிரிப்பதுமாக நின்றிருந்தார்.

"மா, நீ சொல்லு."

"செருப்பால அடிப்பேன்."

"மொத மொத ஒயின் குடிக்கிறவங்களுக்காக வாங்குறதும்மா இது. கெட்டியா இருக்கணும், பழ ருசி மொதல்ல வரணும். என் நாக்கு பழகிப்போச்சு, உன் நாக்குக்குத்தான் தெரியும். வாய்ல வச்சுட்டுத் துப்பிடு. என் வேலம்மா."

வேலை என்றாளே. அவர் திரும்புவதற்குள் முடியட்டும் என்று மெண்டோசாவை வாங்கி ஒரு வாய் வைத்தேன். நாவற்பழத்தைக் கொத்தாக அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது, நாக்கெல்லாம் துவர்ப்பு. குனிந்து துப்பிவிட்டேன். பிறகு பரோசா. அதிலும் பழம்தான், ஆனால் பின்னாலேயே மிளகு சுருக்கென்றது. துப்பலாம் என்று தலையைத் தூக்கினால் எதிரே மலை. புரட்டாசி சனிக்கிழமை, பெருமாள் மலையைப் பார்த்து எச்சில் துப்புவதா? இந்தப் பக்கம் திரும்பினால் ரோட்டைத் தாண்டி அவர் வந்துகொண்டிருக்கிறார்.

விழுங்கிவிட்டேன்.

நெஞ்சு வரைக்கும் சுட்டுக்கொண்டு இறங்கியது. "மொதல்ல குடுத்தது" என்று மட்டும் சொன்னேன். "அதுல பழம் மொதல்ல வருது. இதுல காரம் முந்திக்குது." பவ்யா மெண்டோசா என்று அங்கேயே போன் பண்ணிச் சொல்லிவிட்டு, தண்ணீர் விட்டு வாயை நாலு தரம் கொப்பளித்தாள். அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்குத்தான் உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

"மிச்சத்த இன்னா பண்றது?" என்றாள்.

"குடு, நான் ஊத்துறேன்" என்றார் அவர்.

கொடுக்காதே என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. திறந்தால் நாற்றம் தெரிந்துவிடும். கல் மாதிரி நின்றேன். அவர் ஒவ்வொரு பாட்டிலாக வாங்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மரத்தடியில் கவிழ்த்தார். கடைசி பாட்டிலில் கை கொஞ்சம் நின்றது. என் உயிரும் நின்றது. பிறகு அதையும் கவிழ்த்துவிட்டு, கையை மண் போட்டுத் தேய்த்துக் கழுவினார்.

நேராக என் முன்னால் வந்து நின்றார். நான் கேட்கவே இல்லை. அவராகவே வாயைத் திறந்து என் முகத்தில் ஊதினார். காலையில் குடித்த காபியைத் தவிர ஒன்றுமில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேசாமல் தலையை ஆட்டினேன்.

"இன்னா, ஒண்ணும் பேசமாட்டேன்ற" என்றார். கொஞ்சம் உற்றுப் பார்த்தார். "நீ ஊது."

உதட்டை இறுக்கிக்கொண்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை. வாசலில் நான் எப்படி நிற்பேனோ அப்படியே நின்றார். வேறு வழியில்லாமல் ஊதினேன்.

பவ்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கார்க் கதவைத் திறந்து என்னை உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

அலிபிரியில் வண்டியை நிறுத்தியதும் மெதுவாகச் சொன்னார். "நானும் பாப்பாவும் மேல போய்ட்டு வரோம். நீ கீழயே இரு தாட்சாயணி. அந்த மரத்தாண்ட நெழல் நல்லாருக்கும்."

இரண்டு பேரும் போனார்கள். நான் மரத்தடியில் உட்கார்ந்தேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, போகிறவர் வருகிறவர் யார் முகத்தையும் பார்க்காமல், அவர்கள் இறங்கி வரும்வரை அங்கேயே இருந்தேன்.