இன்றே அனுப்பப்படும்

நிரோசினிக்கு ஆள் தேவைப்பட்டது. இத்தாலியின் பலேர்மோ நகரில், அல்பெர்கேரியாப் பகுதியில், சந்தை இரைச்சல் ஜன்னல்வரை ஏறிவரும் ஓர் ஒடுங்கிய தெருவில், முதலாம் மாடியில் இரண்டு அறைகளை வைத்துக்கொண்டு ஆறு வருடமாக இணையக் கடைகள் கட்டிக்கொடுத்து வந்தாள். ஒலிவெண்ணெய் விற்பவர், மட்பாண்டம் செய்பவர், உலர்பழம் அனுப்புபவர் என்று பதினேழு கடைகள். எல்லாவற்றின் நிரலும் அவள் ஒருத்தியின் தலைக்குள்தான் இருந்தது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பதினேழு கடைக்கும் காய்ச்சல்.

இருபத்துமூன்று பேர் விண்ணப்பித்தார்கள். சான்றிதழ்களுக்குக் குறைவில்லை. நேர்முகத்தில் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: ஒருவர் வாங்கிய சாமான் கையிருப்பில் இல்லை என்பது பிறகுதான் தெரியவருகிறது, முதலில் என்ன செய்வீர்கள்? பெரும்பாலானோர் தரவுத்தளத்தைப் பற்றி நீளமாக விளக்கினார்கள். துசானி கொஞ்சம் யோசித்துவிட்டு, முதலில் வாங்கினவருக்கு உண்மையைச் சொல்லுவேன், பிறகு பிழையைத் தேடுவேன் என்றாள். உங்களுடைய மென்பொருளில் எங்கே தேடுவதென்று எனக்குத் தெரியாது, நீங்கள்தான் காட்டித்தர வேண்டும் என்றும் சொன்னாள். இருபத்தைந்து வயது. பலேர்மோவிலேயே பிறந்து இங்கேயே பல்கலைக்கழகம் முடித்தவள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காகவே நிரோசினி அவளை வேலைக்கு எடுத்தாள்.

முதல் வாரம் மேசை வேலை கொடுக்கவில்லை. மத்திய புகையிரத நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்தில் உள்ள உலர்பழக் கடையின் பொதியறைக்குப் போய்ப் பெட்டி கட்டும்படி அனுப்பினாள். அந்தக் கடையின் இணையத்தளத்தைத்தான் துசானி பொறுப்பெடுக்க இருந்தாள். ஏன் போக வேண்டும் என்று நிரோசினி விளக்கவில்லை. சொல்லாமலே விளங்கும் என்று நினைத்தாள்.

துசானி திங்கட்கிழமை போனாள். செவ்வாய்க்கிழமை காலை நேரே அலுவலகத்துக்கு வந்து, கதிரையில் இருக்காமல் நின்றபடியே கதைத்தாள்.

“அக்கா, என்ரை அம்மா இருபத்திரண்டு வருசம் இத்தாலிச் சிஞ்ஞோராக்களின்ரை வீடு துடைச்சு என்னைப் படிப்பிச்சவ. அங்கை வேலை செய்யிற எமிலியானா அக்கா எங்கடை மாதா கோயிலுக்கு வாறவ. என்னை அங்கை ஆர் கண்டதோ தெரியாது, நேற்றுப் பின்னேரமே அம்மாவுக்கு ஃபோன் வந்திட்டுது. இவ்வளவு படிச்ச மகளுக்குப் பெட்டி கட்டிற வேலையோ கிடைச்சதெண்டு கேட்டவையாம். அம்மா சாப்பிடாமல் படுத்திட்டா. நான் திரும்ப அங்கை போகேலாது.”

நிரோசினிக்கு முதலில் கோபம்தான் வந்தது. வேலைக்கு வந்து இரண்டு நாள் ஆகவில்லை, அதற்குள் இது என்ன பேச்சு என்று நினைத்தாள். ஆனால் வாய் திறக்குமுன் வேறொன்று உறைத்தது. அந்தக் கடைக்கு இணையத்தளம் செய்து மூன்று வருடம். முதலாளியோடு எத்தனையோ தடவை கோப்பி குடித்திருக்கிறாள். அந்தப் பொதியறைக்குள் ஒருநாளும் காலடி வைத்ததில்லை.

“ஏன் அனுப்பினனெண்டு உமக்குச் சொல்லாதது என்ரை பிழை,” என்றாள். “அந்தக் கடையை நான்தான் கட்டினனான். ஆனா அங்கை என்ன நடக்குதெண்டு நானும் பாக்கேல்லை. நாளைக்கு நானும் வாறன். ரெண்டு பேரும் கட்டுவம்.”

துசானி உடனே ஓம் சொல்லவில்லை. அம்மாவோடு கதைத்துவிட்டுச் சொல்வதாகப் போனாள். மறுநாள் எட்டரை மணிக்குப் பொதியறை வாசலில் நின்றாள்.

எமிலியானா மன்னாரைச் சேர்ந்தவள், நாற்பத்தைந்து வயதிருக்கும். துசானியின் முதலாளியே பெட்டி கட்ட வந்திருக்கிறாள் என்றதும் ஒரு கணம் பார்த்தாள், பிறகு இருவருக்கும் ஏப்ரன் எடுத்துக் கொடுத்தாள். நிரோசினி மடித்த முதல் மூன்று பெட்டிகளின் அடியும் பிரிந்துபோனது. எமிலியானா அவற்றைத் திரும்ப மடித்து ஒட்டினாள். பாதாம், பிஸ்தா, உப்பிட்ட கேப்பர் மொட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. பிரிண்டர் ஓடர்த் தாளைத் துப்பத் துப்ப அவள் கை தட்டுக்கும் பெட்டிக்கும் ஓடியது.

பன்னிரண்டு மணிக்குக் கூரியர் வான் வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. ஓடர்கள் நிற்கவில்லை. அதற்குப் பிறகு வந்த தாள்களின் தலையிலும் ‘இன்றே அனுப்பப்படும்’ என்று இத்தாலிய மொழியில் அச்சாகியிருந்தது. எமிலியானா மேசை லாச்சியிலிருந்து சின்னத் துண்டுக் கடதாசிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் பேனையால் ஒரு வரி எழுதி, பெட்டிக்கு ஒன்றாக வைக்கத் தொடங்கினாள். அது என்னவென்று நிரோசினி கேட்டாள்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஒருநாள் பிந்தியிட்டுது எண்டு எழுதிறன்,” என்றாள் எமிலியானா. “வான் மத்தியானத்தோடை போயிடும். பிறகு வாறதெல்லாம் நாளைக்குத்தான் போகும். ஆனா கொம்பியூட்டரிலை இண்டைக்கெண்டு போடுறாங்கள். சனம் ஏசுமெல்லே.”

“எவ்வளவு காலமா எழுதிறியள்?”

“நான் வந்த நாள்தொட்டு. மூண்டு வருசம்.”

ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று துசானி கேட்டாள். ஒருவரும் கேட்கவில்லை என்றாள் எமிலியானா. அப்படிப்பட்டதை மாற்றலாம் என்றே அவளுக்குத் தெரியாது.

நிரோசினி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். பேசாமல் இருந்திருக்கலாம், எமிலியானாவுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் துசானி பக்கத்தில் நின்றாள். “அந்த வசனத்தை எழுதினது நான்தான், அக்கா,” என்றாள். எமிலியானா பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு, “அப்ப மாத்துங்கோவன்,” என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தாள்.

அந்த வாரம் முழுவதும் துசானி போனாள். ஏன் போக வேண்டும் என்று இப்போது அவளுக்கு ஒருவரும் சொல்லவேண்டி இருக்கவில்லை. சொக்கிலேற் பூசிய பாதாமை வெயில் காலத்தில் வெள்ளிக்கிழமை அனுப்பினால் வார இறுதியில் கூரியர் கிடங்கில் கிடந்து உருகிவிடும் என்பதால் எமிலியானா அதைத் திங்கள்வரை வைத்திருப்பதை அறிந்தாள். இணையத்தளத்துக்கு அது தெரியாது. அப்படிப் பதினொரு விடயங்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள்.

பிறகுதான் மேசைப் பயிற்சி. நிரோசினி பக்கத்தில் இருந்து காட்டினாள், ஆனால் விசைப்பலகையைத் தொடுவதில்லை என்று தனக்குத்தானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டாள். பதினொன்றரைக்குப் பிறகு வாங்குகிறவர்களுக்கு ‘நாளை அனுப்பப்படும்’ என்று காட்டும்படி துசானி மாற்றி எழுதினாள். பரீட்சார்த்தப் பக்கத்தை எமிலியானாவின் தொலைபேசியிலும் போட்டுக்கொடுத்தாள். ஒரு மணிக்கு எமிலியானா அழைத்தாள். இப்பவும் இண்டைக்கெண்டுதான் கிடக்கு என்றாள்.

துசானி தான் எழுதிய நிரலை மேலிருந்து கீழாகத் திரும்பப் படித்தாள். நிரோசினிக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது, விரல்கள் துடித்தன. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த சேர்வருக்கு இப்போது என்ன நேரம் என்று மட்டும் கேட்டாள். துசானி போய்ப் பார்த்தாள். சேர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மே மாதத்துப் பலேர்மோ அதைவிட இரண்டு மணித்தியாலம் முன்னால்; சேர்வருக்கு இன்னும் பதினொரு மணிதான். அரைமணி நேரத்தில் அவளே திருத்தினாள்.

புதிய பக்கத்தைக் கடை முதலாளிக்குக் காட்டும் நாளில் எமிலியானாவும் அலுவலகத்துக்கு வரவேண்டும் என்று துசானி பிடிவாதமாக நின்றாள். முதலாளி தயங்கிவிட்டுச் சம்மதித்தார். எமிலியானா பூசைக்கு உடுத்தும் சட்டையோடு வந்து கதிரை நுனியில் இருந்தாள். இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது என்று முதலாளி கேட்டபோது துசானி அவளைக் காட்டினாள். எமிலியானா கூச்சப்படவில்லை. வாய்ப்புக் கிடைத்ததென்று, ஓடர்த் தாளில் கண்ணாடிப் போத்தல்களை முதலில் போடச் சொன்னாள், பாரமானதை அடியில் வைக்க வேண்டுமாம். துசானி அதைப் பன்னிரண்டாவதாக எழுதிக்கொண்டாள்.

முதலாளி போன பிறகு நிரோசினி கோப்பி ஊற்றினாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் துசானியின் தாயோடு தான் கதைப்பதாகவும், அன்றைக்குத் தாய்க்கு ஃபோன் பண்ணியது யாரென்று தனக்குத் தெரியும் என்றும் எமிலியானா சொன்னாள்.

“வேண்டாம் அக்கா,” என்றாள் துசானி. “அம்மாவுக்கு நான் எல்லாம் சொல்லிட்டன். அவவும் ஒண்டு கேட்டவ, உந்தச் சொக்கிலேற் பாதாம் எங்கை வாங்கிறதெண்டு.”

எமிலியானா சிரித்தாள். அவளுடைய தொலைபேசி சிணுங்கியது, பொதியறைக்கு ஓடர் வந்திருந்தது. எடுத்துப் பார்த்தாள். மணி இரண்டேகால். ‘நாளை அனுப்பப்படும்’ என்று இருந்தது. தொலைபேசியைக் கைப்பையில் வைத்துவிட்டு இன்னொரு கரண்டி சீனி கேட்டாள்.