இருபத்தோராவது நிமிடத்தில்

டொக்டர் ஸீனத் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, பைலை மடியில் வைத்துக்கொண்டு, "படம் எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். "இருபத்து நாலு நிமிஷம், டொக்டர்" என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னவருடைய மகன் றொஹான் ஜன்னலோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கதவுக்குப் பக்கத்தில் அவன் காலையிலேயே கட்டி வைத்த நீலப் பை இருந்தது. இவருடைய நான்கு சாரங்கள், சவரப் பெட்டி, ஜெபமாலை எல்லாம் அதற்குள் இருந்தன. இவர் சக்கர நாற்காலியில் டிவியைப் பார்த்தபடி இருந்தார். நான் படத்தைப் போட்டேன்.

பொகவந்தலாவையில் எனக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுத வேண்டும், அழுகையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்பார். அதன்படியே எழுதுகிறேன். மார்ச் ஒன்பதாம் திகதி காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது இவர் விழுந்தார். களுபோவில ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். திரும்பி வந்தபோது வலது பக்கமும் பேச்சும் இல்லை. இவர் கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். முதல் மனைவி மரியகொறற்றி இறந்து நாலு வருடத்துக்குப் பிறகு நாங்கள் ஒன்றாக இருக்கத் தொடங்கினோம். சர்ச்சில் தாலி கட்டுவதென்றால் நான் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். கச்சேரியில் கல்யாணத்தைப் பதிவதென்றால் அவருடைய ஆட்கள் கோபிப்பார்கள். பிறகு பார்ப்போம், பிறகு பார்ப்போம் என்று இருபத்தாறு வருடம் போய்விட்டது. ஊருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவள் எனக்கென்று ஒரு தாள் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

இந்த வெள்ளவத்தை வீடு றொஹானின் பெயரில் இருக்கிறது. மெல்பேணிலிருந்து இரண்டு வாரம் லீவில் வந்தவன், நீர்கொழும்புக்கு அந்தப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லம் ஒன்றில் கட்டில் பிடித்துவிட்டான். சனிக்கிழமை கொண்டுபோய் விடுவது என்று முடிவு. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கு அறுபத்தேழு வயது, இவரைத் தனியாகத் தூக்க முடியாமல் ஒருமுறை இரண்டு பேரும் குளியலறையில் விழுந்திருக்கிறோம். ஆனால் அந்த இல்லத்தார் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்: நோயாளிக்குச் சுயபுத்தி இருக்கிறதா? இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும். இல்லையென்றால் மகனுடைய கையெழுத்துப் போதும். டொக்டர் எழுதப்போகும் அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் படம்.

சத்தமில்லாத பழைய படம். கதாநாயகன் உயரமான ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிறவன். ஆறாம் மாடித் தொப்பிக் கடையில் வேலை செய்யும் பெண்ணின் மேல் அவனுக்கு ஆசை. அவள் ஏறினாலே கை நடுங்கி, லிஃப்டை ஒருநாளும் சரியான மாடியில் நிறுத்த மாட்டான். குள்ளமானவன், பெரிய காதுகள். அவள் திரும்பிப் பார்க்கும்போது முகத்தில் ஒன்றும் அசையாது, காது மட்டும் துடிக்கும். கொட்டாஞ்சேனையில் அந்த நடிகனுடைய பெயர் யாருக்கும் தெரியாது. காதுக்காரன் என்றால் போதும். சர்ச் ஹோலில் வெள்ளைச் சீலை கட்டி, திருநாளுக்குத் திருநாள் அதே படத்தை ஃபாதர்மார் போட்டிருக்கிறார்கள். இவர் எனக்குக் கதையாகச் சொல்லும்போதே தன் காதை ஆட்டப் பார்த்து, முடியாமல் விரலால் ஆட்டிக் காட்டுவார். நூறு வருடத்துக்கு முந்திய படம். யூடியூப்பில் அதன் கீழே பிரேசிலிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் இந்த வருடமும் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். காரணம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அந்த லிஃப்டுக்குள் ஒருவருக்கும் பேச்சு இல்லை, ஆகவே பேச்சில்லை என்று ஒருவரும் தோற்பதில்லை.

ஏப்ரல் பதினைந்தாம் திகதி முதன்முதலாகப் போட்டேன். லிஃப்ட் திடீரென்று கீழே இறங்க, காதுக்காரனின் தொப்பி மட்டும் ஆறாம் மாடியில் நின்ற இடத்தில் இவர் சிரித்தார். அன்றிலிருந்து ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். திகதி, நேரம், எத்தனையாவது நிமிடம், என்ன செய்தார். தொப்பிக்குச் சிரிப்பு, காதுக்குச் சிரிப்பு. இருபத்தோராவது நிமிடத்தில் இடது கையைத் தூக்குகிறார்: வலியா? வெளிச்சம் கூசுகிறதா? அந்த இடத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை, அது முத்தக் காட்சி. நான் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பார்த்தேன். பிறகு பனடோல் கொடுத்தேன்.

அந்தக் கொப்பியை டொக்டர் புரட்டிப் பார்த்தார். றொஹான் தொண்டையைச் செருமினான்.

"அன்ரி, ஸ்ட்ரோக் வந்த ஆக்கள் சும்மாவும் சிரிப்பினம், சும்மாவும் அழுவினம். அதுவும் வருத்தம்தான். நீங்க ஆசையில எழுதி வச்சிருக்கிறீங்க."

"சும்மா சிரிக்கிறவரு நியூஸுக்கும் சிரிக்கணுமே தம்பி. நியூஸ் போட்டா கம்முனு இருக்காரு."

"நியூஸுக்கு நாங்கதான் சிரிக்கிற" என்றார் டொக்டர். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆறாவது நிமிடம் வந்தது. லிஃப்ட் இறங்கியது, தொப்பி நின்றது. இவர் திரையைப் பார்க்கவில்லை. கழுத்தை மெல்லத் திருப்பி ஜன்னலோரம் நின்ற மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியைக் கொஞ்சம் டிவிப் பக்கம் திருப்பினேன். டொக்டர் அதைக் கவனித்தது எனக்குத் தெரிந்தது. கடற்கரைப் பக்கம் ரயில் போனது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பதின்மூன்றாவது நிமிடம், காது துடித்தது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நாளும் சிரித்த இடம். இவருடைய வாயோரம் எச்சில் வழிந்தது, அவ்வளவுதான். என் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி விரல் வெளுத்துப்போயிருந்தது. சிரிங்க, ஒரே ஒரு தடவை சிரிச்சிடுங்க என்று மனதுக்குள் சொன்னேன். பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிற்கும் தாயைப் போல இருந்தது.

பதினெட்டாவது நிமிடத்தில் டொக்டர் பேனாவைத் திறந்தார்.

"இன்னைக்கி அவருக்கு ஏலாம இரிக்கும். வேற நாள் நல்லா இரிக்கலாம். ஆனா ஆன்ட்டி, நான் கண்டதத்தான் எழுதலாம். நீங்க கண்டத என்னால எழுத ஏலாது."

"வெளங்குது டொக்டர்."

அவர் படிவத்தில் பெயரையும் திகதியையும் எழுதினார். அப்போது அவருடைய போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்துதான் போலும். சிங்களத்தில் பேசிக்கொண்டே பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். படத்தை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது தன்பாட்டில் ஓடியது. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. காதுக்காரனின் தலை மட்டும் ஆறாம் மாடித் தரைக்கு மேலே தெரிகிறது. அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தரையில் குப்புறப் படுத்து, முகத்தை அவன் முகத்துக்கு நேரே கொண்டுவருகிறாள்.

இவருடைய இடது கை கைப்பிடியை விட்டு எழுந்தது. எழுந்து, முகத்துக்கு முன்னால் நீண்டு, திரைக்கு எதிரே விரிந்து நின்றது.

"கை வலிக்குது போல. மாத்திர எடுத்துட்டு வாறேன்" என்று நான் எழுந்தேன்.

"அன்ரி, நில்லுங்க."

றொஹானின் கைகள் கட்டு விட்டுத் தொங்கின. அவன் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். நீண்டிருந்த கையின் நடுவில் இருந்த இரண்டு விரல்களும் மெதுவாக விலகின. ஒரு சின்ன இடைவெளி. இவருடைய கண் அதன் வழியே திரையைப் பார்த்தது. விரல்கள் மறுபடி மூடிக்கொண்டன.

"ஃபாதர், கைய எடுங்கோ" என்றான் றொஹான். அது அவனுடைய குரல் மாதிரி இல்லை.

கை இறங்கியது.

நான் ரிமோட்டும் கையுமாக அதே இடத்தில் நின்றேன். "எந்த ஃபாதர் தம்பி?"

"ஃபாதர் ஒஸ்வால்ட். படம் போடுறவர்." அவன் நெற்றியைத் துடைத்தான். "கிஸ் வாற நேரம் மெஷினுக்கு முன்னால கைய வைப்பார். சீலையில அவர்ட கைதான் தெரியும், இவ்வளவு பெரிசா. முடிஞ்சிட்டா எண்டு பாக்க அவரே விரலை விரிச்சுப் பாப்பார். நாங்க சின்ன ஆக்கள் எல்லாம் தரையில இருந்து கத்துவம், ஃபாதர் கைய எடுங்கோ எண்டு. அம்மா அதுக்கு மேல என்ட கண்ணையும் பொத்துவா." என் பக்கம் திரும்பினான். "டடி உங்களுக்குச் சொல்லேல்லையா?"

இவர் எனக்குச் சொல்லவில்லை. காதுக்காரனைச் சொன்னார், தொப்பியைச் சொன்னார், லிஃப்டைச் சொன்னார். அந்த ஹோலில் தனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைச் சொல்லாமல் இந்தக் கையைச் சொல்ல முடியாது என்று விட்டிருப்பார். முப்பத்தொரு தடவை இவர் கையைத் தூக்கியிருக்கிறார். அந்தப் பகிடி விளையாட்டுக்கு முப்பத்தொரு தடவையும் நான் பனடோல் கொடுத்திருக்கிறேன்.

"கொப்பியில எழுதி இருக்கிறது இதுதானா?" என்று கேட்டான்.

"ஆமா தம்பி. இதே எடம். ஒரு நாளும் முன்ன பின்ன ஆனதில்ல."

அவன் கொப்பியைத் தொடவில்லை. நீலப் பையைப் பார்த்தான். பிறகு பால்கனிக் கதவைப் பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டொக்டர் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னால் அது ஆசையில் சொன்னதாகிவிடும். நான் அந்த ஹோலில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. இதைச் சொல்லக்கூடியவன் இந்த உலகத்தில் ஒருவன்தான், அவனுக்குச் சனிக்கிழமைக்கு வான் வண்டி சொல்லியாயிற்று, திங்கட்கிழமைக்கு பிளேன் டிக்கட்.

கதவு திறந்தது. "சொறி, ஒரு எமர்ஜென்சி" என்றபடி டொக்டர் வந்து படிவத்தை எடுத்தார். எங்கள் இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்தார். "என்ன, ஏதும் நடந்திச்சா?" என்று கேட்டது என்னிடம் அல்ல, றொஹானிடம்.

படம் முடிந்து திரை கறுப்பாக இருந்தது. அதில் எங்கள் நாலு பேரும் மங்கலாகத் தெரிந்தோம்.

றொஹான் என் பக்கம் வந்தான். என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கினான். ஐம்பத்து மூன்று வயது மனிதன், நல்ல காற்சட்டையோடு, இவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படத்தைப் பின்னால் ஓட்டினான். இருபதாவது நிமிடத்தில் நிறுத்தி, மறுபடி ஓடவிட்டான்.

"டொக்டர், ரெண்டு நிமிஷம் இருங்க. டிவியைப் பாக்க வேணாம், டடிட இடது கையைப் பாருங்க."

டொக்டர் பேனாவை மூடாமல் உட்கார்ந்தார். லிஃப்ட் மேலே ஏறத் தொடங்கியது. நாலாம் மாடி, ஐந்தாம் மாடி. ஒரு குலுக்கல், நடுவில் நின்றது. காதுக்காரனின் தலை தரைக்கு மேலே வந்தது, காதுகள் துடித்தன. அந்தப் பெண் இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், குனிந்தாள். நாங்கள் மூன்று பேரும் இவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது கைப்பிடியின் மேல் கிடந்தது. திரையின் வெளிச்சம் மோதிரத்தில் பட்டு, நகர்ந்து, விரல்களின் மேல் ஏறியது.